தன்னைப் பயிற்றிய ஆசான்

கற்பிக்கும் தொழில் அரியது. கல்லைச் சிலையாக்கும் சிற்பிக்கு அக்கல் மறுமொழி கூறுவதில்லை. மண்ணைக் கலமாக்கும் குயவனுக்கு அம்மண் சோர்ந்து காட்டுவதுமில்லை, சினந்து காட்டுவதுமில்லை. ஆசிரியர் கையாளும் பொருளோ உயிருள்ளது, உணர்வுள்ளது, ஒருநாள் இருந்தவாறு மறுநாள் இராதது. ஆதலின், அதனை உருவாக்கப் புகுபவர் தம்மையும் நாள்தோறும் உருவாக்கிக்கொள்ள வேண்டியவராகிறார்.

ஏட்டுக் கல்விக்கு ஆசிரியர் இருப்பதுபோலவே விளையாட்டிற்கும் ஆசிரியர் உண்டு. அவரைப் பயிற்சியாளர் என்பர். ஆடுகளத்தில் வெற்றி மாலை வீரனுக்கே சூட்டப்படுகிறது. நாளிதழ்களில் அவன் பெயரே பெரிதாக அச்சாகிறது. அவனுக்குப் பின்னே, கையில் ஒரு கடிகாரத்துடன், வெயிலென்றும் மழையென்றும் பாராது நிற்பவரைக் கருதுவோர் சிலரே. வீரனது கால்கள் விரைவதற்கு முன்னரே அவருடைய உள்ளம் அந்த வழியைக் கடந்து சென்று மீண்டிருக்கிறது.

நல்லாசிரியரின் இலக்கணம் கூறவந்த நன்னூலார், நிலம், மலை, துலாக்கோல், மலர் என்னும் நான்கினையும் அவருக்கு உவமையாக்கினார். இவற்றுள் துலாக்கோல் ஆழ்ந்து எண்ணத் தக்கது. பிற பொருள்களின் எடையைக் காட்டுவது அதன் தொழில். ஆயினும், ஒன்றும் வையாத பொழுது அதன் தட்டுகள் இரண்டும் ஒத்து நிற்றல் வேண்டும். வெறுந்தட்டிலேயே சாய்ந்து நிற்கும் கோல் எதனை நிறுத்தாலும் பொய்யே கூறும். பிறரை மதிப்பிடப் புகுமுன் தன்னை நேர்நிறுத்திக்கொள்ளாத ஆசிரியரும் அத்தகையரே. இவ்வுண்மையைத் தம் வாழ்க்கையால் விளக்கியவருள் ஒருவர், நியூசிலாந்து நாட்டு ஓட்டப் பயிற்சியாளர் ஆர்தர் லிட்டியார்டு என்பவர்.

மூச்சுத் திணறிய நாள்

லிட்டியார்டு 1917ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 6ஆம் நாள் நியூசிலாந்தின் பெருநகரமாகிய ஆக்லாந்தில் பிறந்தார். அவர் பல்கலைக்கழகம் சென்று உடற்கூற்று நூல் பயின்றவர் அல்லர். காலணித் தொழிற்சாலை ஒன்றில் உழைத்து வாழ்ந்தவர். இளமையில் இரக்பி என்னும் பந்தாட்டம் ஆடினார். ஓட்டப் போட்டிகளிலும் கலந்துகொண்டார். ஆகவே, தம் உடல்நலத்தைப்பற்றி அவருக்கு ஐயமே இருந்ததில்லை. ஊரில் உள்ள இளைஞர் பலரினும் தாம் வலியவர் என்றே அவர் எண்ணியிருந்தார்.

முப்பது வயது நிரம்புவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர், ஓட்டக் கழகத்தைச் சார்ந்த சாக்கு தோலன் என்னும் மூத்தவர் ஒருவர் அவரைத் தம்முடன் ஐந்து மைல் ஓடி வருமாறு அழைத்தார். லிட்டியார்டு இசைந்தார். ஐந்து மைல் தொலைவு அவருக்கு ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. ஆனால், ஓடத் தொடங்கிச் சிறிது தொலைவு செல்வதற்குள் அவருடைய நெஞ்சு படபடத்தது, மூச்சு முட்டியது, கால்கள் இரும்பாயின. வயதில் மூத்தவரோ சிறிதும் களைப்பின்றி முன்னே சென்றுகொண்டிருந்தார்.

வேறொருவராயின் அன்றைய உணவின்மீதோ, காற்றின்மீதோ பழியைப் போட்டு அமைந்திருப்பர். லிட்டியார்டு அவ்வாறு செய்யவில்லை. இருபத்தேழு வயதில் நம் நிலை இதுவாயின், நாற்பத்தேழு வயதில் எதுவாகும் என்று அவர் தம்மைத் தாமே வினவிக்கொண்டார். எளிய வினாதான், எனினும் அதனை மறைக்காமல் கேட்டதில்தான் அவருடைய பெருமை இருக்கிறது. தன் குறையைப் பிறர் சுட்டும்பொழுது நாணுவோர் பலர். தானே கண்டு அதன் வேரைத் தேடுவோர் சிலர். அன்று தொடங்கியது ஒரு தேடல். ஏறக்குறையப் பத்தாண்டுகள் அது நீடித்தது.

தம் உடம்பே ஆய்வுக்களம்

ஓட்டப் பயிற்சியைப்பற்றி அக்காலத்தில் வழங்கிய நூல்களை லிட்டியார்டு படித்தார். அவற்றில் கூறப்பட்டவாறு செய்து பார்த்தார். அவை கூறிய பயிற்சி தம் உடம்பை வலுப்படுத்தப் போதாது என்று அவருக்குத் தோன்றியது. ஆகவே, எவ்வளவு ஓடினால் உடம்பு வலுப்பெறும், எவ்வளவு ஓடினால் உடம்பு தளரும் என்பதைத் தாமே கண்டறியத் துணிந்தார்.

இங்குத்தான் அவர் எடுத்த முடிவு எண்ணத் தக்கது. ஆய்வு செய்வதற்கு இளைஞர் சிலரைத் திரட்டி, அவர்களை ஓடவிட்டுத் தாம் கரையில் நின்று பார்த்திருக்கலாம். அது எளிய வழி. ஆயினும், அறியாத மருந்தைப் பிறர்க்கு ஊட்டிப் பார்ப்பது அறமாகாது என்று கருதியவர்போல, அவர் அவ்வாய்வு முழுவதையும் தம் உடம்பின்மேலேயே நடத்தினார்.

தொழிற்சாலை வேலைக்கு இடையே கிடைத்த நேரத்தில் அவர் ஓடினார். சிறிது தொலைவு ஓடிப் பார்த்தார். பெருந்தொலைவு ஓடிப் பார்த்தார். வாரத்திற்கு 50 மைல், 100 மைல் என்று ஏற்றிச் சென்றார். சில வாரங்களில் 200 மைலுக்கும் மேலாக ஓடியதுண்டு. மிகுதியாக ஓடிய வாரங்களில் உடம்பு சோர்ந்து, உறக்கம் கெட்டு, மனமும் வாடியது. குறைவாக ஓடிய வாரங்களில் முன்னேற்றம் நின்றது. ஒவ்வொரு முறையும் விளைவைக் கவனித்தார், முன்னதோடு ஒப்பிட்டார், பொருந்தாததைத் தள்ளினார். இறுதியில், அளவான விரைவில் வாரம் ஏறத்தாழ 100 மைல் ஓடுவதே உடம்பை வளர்க்கும் என்னும் முடிவிற்கு வந்தார். ஒருநாள் நெடுந்தொலைவு ஓடினால் மறுநாள் குறுந்தொலைவு ஓடி உடம்பை ஆற்றிக்கொள்ள வேண்டும் என்பதும் அவர் கண்ட உண்மை.

இவ்வாய்வின் பயன் விரைவில் வெளிப்பட்டது. ஐந்து மைலில் மூச்சுத் திணறிய அதே மனிதர், 26 மைலுக்கும் மேற்பட்ட மாரத்தான் ஓட்டத்தில் 1953ஆம் ஆண்டிலும் 1955ஆம் ஆண்டிலும் நியூசிலாந்தின் முதன்மை வீரராக வெற்றி பெற்றார். அயலில் வாழ்ந்த இளைஞர்கள் அவருடன் ஓட விரும்பித் தாமே வந்து சேர்ந்தனர். அவர் பயிற்சியாளர் ஆனது இங்ஙனமே. ஆசிரியப் பதவியை அவர் தேடிச் செல்லவில்லை. அவர் கற்றதைக் கண்டவர்கள் அவரை ஆசிரியராக்கினர்.

அடிப்படை முதலில், மாடம் பின்னர்

லிட்டியார்டு வகுத்த முறையை ஒரு வீடு கட்டுவதோடு ஒப்பிடலாம். வீடு கட்டுவோன் முதலில் கடைக்கால் தோண்டுகிறான். அது மண்ணுக்குள் மறைந்து கிடப்பது. பார்ப்பவர் எவரும் அதனைப் பாராட்டுவதில்லை. ஆயினும், அதன் ஆழத்தைப் பொறுத்தே மேலே எழும் மாடங்களின் எண்ணிக்கை அமைகிறது.

அக்காலத்தில் ஓடுகளத்தில் குறுந்தொலைவை விரைந்து ஓடி, சிறிது இளைப்பாறி, மீண்டும் விரைந்து ஓடும் இடையிட்ட பயிற்சியே பல நாடுகளில் பெரிதும் போற்றப்பட்டது. லிட்டியார்டு அதனை அறவே விலக்கவில்லை. அதற்குரிய இடத்தில் வைத்தார். போட்டிக்குப் பல திங்கள் முன்னரே நெடுந்தொலைவு ஓட்டம் தொடங்க வேண்டும். அவ்வோட்டத்தின்போது உடன் வருபவருடன் உரையாட இயலும் அளவிற்கே விரைவு இருத்தல் வேண்டும். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் விரைவு மிகுந்துவிட்டது என்று பொருள். உடம்பைப் பயிற்றுக; வருத்தற்க என்பதே அவர் ஓயாது வலியுறுத்திய கருத்து. இவ்வாறு சில திங்கள் கழிந்தபின், கால்களுக்கு வலுவூட்ட மேட்டு நிலங்களில் ஏறி ஓடும் பயிற்சி. அதன்பின் ஓடுகளத்தில் விரைவுப் பயிற்சி. போட்டி நெருங்கும்போது பயிற்சியைக் குறைத்து, உடம்பைப் புத்துணர்வோடு களத்தில் நிறுத்துதல். இதுவே அவர் கண்ட வரிசை.

இதன் காரணத்தை இன்றைய உடலியலார் நன்கு விளக்குகின்றனர். அளவான நெடிய ஓட்டத்தால் இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் குருதியின் அளவு கூடுகிறது. தசைகளுக்குள் நுண்ணிய குருதிக் குழாய்கள் பெருகுகின்றன. உயிர்வளியைக் கொண்டு ஆற்றலை உண்டாக்கும் நுண்ணுறுப்புகள் தசையணுக்களில் மிகுகின்றன. ஆகவே, களைப்பு பிந்தி வருகிறது. வந்த களைப்பும் விரைவில் நீங்குகிறது. அரை மைல் ஓடுபவனுக்கு நூறு மைல் பயிற்சி எதற்கு என்று அன்று நகைத்தோர் பலர். அரை மைலை ஒருமுறை விரைந்து ஓடுதல் பலர்க்கும் இயலும். அடுத்தடுத்து நாள்தோறும் ஓடி, இறுதிநாளிலும் விரைவு குன்றாதிருத்தல் அடிப்படை வலிமை உடையவனுக்கே இயலும் என்பது லிட்டியார்டின் விடை.

ஆக்லாந்து நகரின் மேற்கே வைட்டாக்கரே என்னும் மலைத்தொடர் உண்டு. அதன் ஏற்ற இறக்கங்களினூடே சென்று மீளும் 22 மைல் வழி ஒன்றை அவர் தம் மாணாக்கர்க்குரிய ஞாயிற்றுக்கிழமைப் பாடமாக வைத்தார். அவ்வழியில் அவர் பின்னால் ஊர்தியில் அமர்ந்து செல்லவில்லை. பல ஆண்டுகள் மாணாக்கருடன் தாமும் ஓடினார். எந்த மேட்டில் மூச்சு இரைக்கும், எந்தத் திருப்பத்தில் மனம் திரும்பிவிடலாமா என்று தூண்டும் என்பதெல்லாம் அவருடைய கால்கள் அறிந்தவை. ஆகவே, அவர் கூறிய ஊக்கவுரைக்கு எடை இருந்தது.

உரோம் நகரில் ஒரு மாலை

லிட்டியார்டின் மாணாக்கருள் மூத்தவர் மர்ரே ஆல்பர்கு. இவர் 1950ஆம் ஆண்டில் இரக்பி ஆட்டத்தின்போது பெருங்காயம் அடைந்தார். அதனால் இவருடைய இடக்கை வலுவிழந்து சூம்பியது. ஓடுபவனுக்குக் கைவீச்சு எத்துணை வேண்டற்பாலது என்பதை அறிந்தோர், இவ்விளைஞர் பெருவீரர் ஆவார் என்று எண்ணியிரார். லிட்டியார்டு இவரிடம் இல்லாத கையை எண்ணி இரங்கவில்லை. இருந்த இதயத்தையும் கால்களையும் எண்ணித் திட்டம் வகுத்தார். 1954ஆம் ஆண்டு வான்கூவர் நகரில் நடந்த புகழ்பெற்ற ஒரு மைல் ஓட்டத்தில் ஆல்பர்கு ஐந்தாம் இடமே பெற்றார். 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்குப் போட்டியிலும் அவர் பரிசு பெறவில்லை. ஆசிரியரும் மாணாக்கரும் சோர்வடையவில்லை. ஆண்டுதோறும் அடிப்படை ஆழமாயிற்று. 1958ஆம் ஆண்டு கார்டிபு நகரில் மூன்று மைல் ஓட்டத்தில் ஆல்பர்கு பொற்பதக்கம் வென்றார்.

இளையவர் பீட்டர் சினெல். இவர் ஓபுனாக்கே என்னும் சிற்றூரில் 1938ஆம் ஆண்டு பிறந்தவர். தசைக்கட்டு மிக்க உடலினர். 800 மீட்டர் ஓட்டத்திற்குரிய இவரையும் லிட்டியார்டு 22 மைல் மலைவழியிலேயே ஓடச் செய்தார். தொடக்கத்தில் அது இவருக்குப் பெருந்துன்பமாக இருந்தது. நாளடைவில் அத்துன்பமே துணையாயிற்று.

1960ஆம் ஆண்டு உரோம் நகர ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெல்ல விரும்புவோர் மூன்று நாட்களில் நான்கு முறை ஓட வேண்டியிருந்தது. செப்டம்பர்த் திங்கள் 2ஆம் நாள் இறுதியோட்டம். உலகச் சாதனையாளரான பெல்சிய நாட்டு உரோசர் மோன்சு முன்னணியில் வந்தார். எல்லைக்கோடு அண்மித்தது. அப்பொழுது, உலகம் அதுவரை பெரிதும் அறியாத 21 வயது சினெல் அவரை நெருங்கி, இறுதிச் சில அடிகளில் முந்தினார். நான்காவது ஓட்டத்திலும் அவருடைய விரைவு குன்றவில்லை. நகைத்தோர்க்கு மலைவழியே விடை கூறிற்று.

ஆரவாரம் அடங்குவதற்குள், ஒரு மணி நேரத்திற்குள்ளாகவே, 5000 மீட்டர் இறுதியோட்டத்தில் ஆல்பர்கு களமிறங்கினார். இன்னும் ஏறத்தாழ மூன்று சுற்றுகள் எஞ்சியிருந்தன. பிறர் தம் வலிமையைக் கடைசிச் சுற்றிற்குச் சேமித்து வைத்திருந்த அந்த வேளையில், ஆல்பர்கு திடீரென்று விரைந்து, பெரும் இடைவெளி ஒன்றை உண்டாக்கினார். அவ்வளவு முன்னரே விரைபவன் இறுதிவரை தாங்க இயலாது என்பதே பொதுவான எண்ணம். தன் அடிப்படையின் ஆழத்தை அறிந்தவனே அவ்வாறு துணிய முடியும். இறுதிச் சுற்றில் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. ஆயினும் அவரை எவராலும் எட்ட முடியவில்லை. எல்லையைக் கடந்ததும் அவர் புல்தரையில் சாய்ந்தார். ஒரே மாலையில் ஒரே ஆசிரியரின் மாணாக்கர் இருவர் இரண்டு பொற்பதக்கங்கள் பெற்றனர். சில நாட்களுக்குப்பின் மாரத்தான் ஓட்டத்தில் அவருடைய மற்றொரு மாணாக்கராகிய பாரி மாகி மூன்றாம் இடம் பெற்றார்.

சினெல் 1964ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக்கில் 800 மீட்டர், 1500 மீட்டர் ஆகிய இரண்டிலும் பொற்பதக்கம் வென்றார். ஆல்பர்கு, உடற்குறை உள்ள சிறுவர்க்கு உதவும் அறநிலையம் ஒன்றை 1963ஆம் ஆண்டு நிறுவினார். தம் ஆசிரியரிடம் பெற்ற நம்பிக்கையை அவர் பிறர்க்கும் பகிர்ந்தளித்தார்.

கற்றவரும் கற்க வந்தார்

வெற்றி பெற்ற பயிற்சியாளரைச் சூழும் இடர் ஒன்று உண்டு. வெற்றி தரும் முறையைக் கண்டுவிட்டோம். இனிக் கற்பதற்கு ஒன்றும் இல்லை என்னும் எண்ணமே அது. தோல்வி வெளியே நின்று தாக்கும் பகை. இவ்வெண்ணமோ உள்ளிருந்தே அரிக்கும் கரையான். லிட்டியார்டு இதற்கு இடங்கொடுக்கவில்லை. சிறந்த வீரர்க்குப் பயன்பட்ட ஓட்டம் எளிய மக்களுக்கும் பயன்படுமா என்று அவர் அடுத்து ஆராயத் தொடங்கினார். 1960களின் தொடக்கத்தில், நடுவயதினரையும் இதயநோயினின்று மீண்டோரையும் மெல்ல மெல்ல ஓடச் செய்தார். இதயநோய் கண்டவர் அசையாது படுத்திருத்தலே நலம் என்று பலர் கருதிய காலம் அது. மருத்துவர் துணையோடு, அளவறிந்து ஓடியவர்கள் நலம் பெற்றனர்.

1962ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க நாட்டு ஒரிகன் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் பில் பவர்மன் நியூசிலாந்திற்கு வந்தார். அவரும் பெரும்புகழ் பெற்றவர். அவருடைய மாணாக்கர் நால்வர் அவ்வாண்டிலேதான் நான்கு மைல் அஞ்சலோட்டத்தில் உலகச் சாதனை நிகழ்த்தியிருந்தனர். ஒரு ஞாயிற்றுக்கிழமை லிட்டியார்டு அவரை மெல்லோட்டக் குழுவினருடன் ஓட அழைத்துச் சென்றார். ஐம்பது வயதைக் கடந்த பவர்மன், தாம் நல்ல உடல்நிலையில் இருப்பதாகவே எண்ணியிருந்தார். மேடு தொடங்கியதும் அவருக்கு மூச்சு இரைத்தது. எழுபது வயதைக் கடந்தவரும் இதயநோய் கண்டு மீண்டவருமான முதியவர் ஒருவர், அவருக்குத் துணையாகத் தம் விரைவைக் குறைத்துக்கொண்டு உடன் வந்தார்.

உலகச் சாதனையாளரை உருவாக்கிய ஒருவர்க்கு இஃது எத்தகைய நிலை! அவர் அதனை மறைத்திருக்கலாம். பவர்மன் அவ்வாறு செய்யவில்லை. ஏறத்தாழ ஆறு வாரம் அங்குத் தங்கி, நாள்தோறும் ஓடி, உடல் இளைத்து வலுப்பெற்றார். ஊர் திரும்பியதும் தாம் நாணிய கதையைத் தாமே பிறரிடம் கூறினார். பொதுமக்களை ஓட அழைத்தார். சில வாரங்களில் நூற்றுக்கணக்கானோர் திரண்டனர். 1967ஆம் ஆண்டில் மருத்துவர் ஒருவருடன் சேர்ந்து மெல்லோட்டத்தைப்பற்றி நூல் எழுதினார். அமெரிக்க மக்களிடையே மெல்லோட்டம் பரவுவதற்கு அந்நூல் பெருந்துணையாயிற்று. முன்னர்ச் சாக்கு தோலன் முன்னிலையில் லிட்டியார்டு பெற்ற பாடத்தையே, லிட்டியார்டின் நாட்டில் பவர்மன் பெற்றார். இருவரும் அப்பாடத்தை வீணாக்கவில்லை என்பதே அவர்தம் சிறப்பு.

பிறர் உண்ணும் கனி

பின்லாந்து ஒரு காலத்தில் நெடுந்தொலைவு ஓட்டத்தின் தாயகமாக விளங்கியது. பாவோ நூர்மி முதலிய பெருவீரர்கள் அங்குத் தோன்றினர். ஆயினும், 1936ஆம் ஆண்டிற்குப் பின்னர் அந்நாட்டு ஓட்ட வீரர் எவரும் நெடுங்காலம் ஒலிம்பிக்கில் பொற்பதக்கம் பெறவில்லை. 1967ஆம் ஆண்டில் அந்நாட்டினர் லிட்டியார்டை அழைத்தனர்.

பழம்பெருமை உள்ள இடத்தில் புதுமை எளிதில் வேரூன்றுவதில்லை. அயல்நாட்டார் ஒருவர் வந்து தமக்கு ஓடக் கற்பிப்பதா என்று அங்குச் சிலர் முகஞ்சுளித்தனர். லிட்டியார்டும் ஒளிவுமறைவின்றிப் பேசுபவர். இனிய சொல்லால் உடன்பாட்டைத் தேடும் இயல்பு அவரிடம் குறைவு. அதனாலும் உரசல் நேர்ந்தது. ஆயினும், அவர் ஊர் ஊராகச் சென்று பயிற்சியாளர்களைச் சந்தித்தார். எத்தனை மைல் என்று மட்டும் கூறாமல், ஏன் அத்தனை மைல் என்பதையும் விளக்கினார். இரண்டாண்டு நிறைவதற்கு முன்னரே அவருடைய பணி அங்கு முடிவுற்றது. அவர் கண்காண விளைந்தது சிறிதே.

விதைத்தவர் சென்றபின் பயிர் முற்றியது. 1972ஆம் ஆண்டு மியூனிக்கு ஒலிம்பிக்கில் பின்லாந்தின் லாசே விரேன் 10,000 மீட்டர் ஓட்டத்தில் பாதி வழியை நெருங்கும்போது இடறி விழுந்தார், எழுந்தார், மீண்டும் ஓடி, உலகச் சாதனையுடன் வென்றார். 5000 மீட்டரிலும் அவரே முதல்வர். 1500 மீட்டரில் அந்நாட்டுப் பெக்கா வாசலா வென்றார். 1976ஆம் ஆண்டு மாண்டிரியலில் விரேன் தம் இரு வெற்றிகளையும் மீண்டும் பெற்றார். விரேனின் பயிற்சியாளர் உரோல்பு ஐக்கோலா, லிட்டியார்டின் கொள்கைகளை ஏற்று, பிற ஆசிரியர்களின் முறைகளையும் இணைத்து, தம் நாட்டிற்கும் தம் மாணாக்கனுக்கும் ஏற்றவாறு அமைத்துக்கொண்டவர். அவர் பிறர் முறையைப் படியெடுக்கவில்லை, செரித்துக்கொண்டார்.

எண்ணும் பொருளும்

லிட்டியார்டின் புகழ் பரவியபோது, அவருடைய முறையைப் பிழைபட உணர்ந்தோரும் பெருகினர். வாரம் நூறு மைல் என்னும் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு, இளம் சிறுவரையும் அவ்வாறே ஓடச் செய்த பயிற்சியாளரும் உண்டு. எண் பற்றுவது எளிது. காரணம் உணர்வது அரிது. பத்தாண்டுகள் தம் உடம்பில் ஆராய்ந்த ஒருவரின் முடிவை ஒரே நாளில் பெற்று, அதனை ஆராயாமல் பிறர்மேல் ஏற்றுவது ஆசிரியப் பணி ஆகாது. ஒவ்வோர் உடம்பும் வெவ்வேறு. ஒவ்வொரு மனமும் வெவ்வேறு. ஆதலின், லிட்டியார்டு முதுமையிலும் ஓய்ந்திருக்கவில்லை. பல நாடுகளுக்குச் சென்று, எண்ணின் பின்னுள்ள காரணத்தை எடுத்துரைத்தார். 2004ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 11ஆம் நாள், தம் 87ஆம் வயதில், அமெரிக்காவின் தெக்சாசு மாநிலத்தில் சொற்பொழிவுப் பயணம் மேற்கொண்டிருந்தபோதே அவர் உயிர் நீத்தார்.

அவருடைய மாணாக்கர் சினெல், ஓட்டத்தினின்று ஓய்வு பெற்றபின், அமெரிக்கா சென்று உடற்பயிற்சி உடலியலில் முனைவர் பட்டம் பெற்றார். தெக்சாசு மாநிலத்தில் ஆராய்ச்சியாளராகப் பல்லாண்டு பணியாற்றினார். தம் ஆசிரியர் ஓடி ஓடி உணர்ந்ததன் காரணங்களை ஆய்வுக்கூடத்தில் நின்று ஆராயும் வாய்ப்பு மாணாக்கர்க்குக் கிட்டியது. ஆசிரியர் விட்ட இடத்திலிருந்து மாணாக்கர் தொடர்வதைக் காட்டிலும் ஆசிரியர்க்கு வேறு பரிசு எது?

பயிற்சியாளர்க்குரிய மனநிலை

இவ்வரலாற்றினின்று தெளியத்தக்கவை சில. தன் குறையை மறைக்காமல் காண்பது பயிற்சியாளர்க்கு முதற்படி. பிறரை ஏவுமுன் தானே செய்து பார்ப்பது இரண்டாம் படி. உடனடி வெற்றிக்கு அவாவாமல் அடிப்படைக்குக் காத்திருப்பது மூன்றாம் படி. பெற்ற வெற்றியால் கல்வியை நிறுத்திவிடாமல் மேலும் கற்பது நான்காம் படி. தன் பெயர் மறைந்தாலும் தான் விதைத்தது விளைந்தால் போதும் என்று மகிழ்வது அனைத்தினும் மேலான படி.

இவை விளையாட்டுக் களத்திற்கு மட்டும் உரியன அல்ல. தம்பிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் அண்ணன், தொழில் பழகும் சிறுவனுக்குக் கருவி பிடிக்கக் காட்டும் தச்சர், குழந்தைக்கு நடை பழக்கும் தாய் ஆகிய எல்லாரும் ஒருவகையில் பயிற்சியாளரே. இன்று மாணவராய் இருப்போரும் நாளை ஒருவர்க்கேனும் எதையேனும் கற்பிக்கப்போகிறவர்களே. அந்நாள் வரும்போது, எதிரில் நிற்பவன் ஏன் தடுமாறுகிறான் என்று கேட்குமுன், நம் துலாக்கோல் நேராய் நிற்கிறதா என்று நோக்குதல் வேண்டும். தன்னை நிறுத்துப் பார்த்தவனே பிறரை உயர்த்த வல்லவன்.

வினாக்கள்

1. நல்லாசிரியர்க்குத் துலாக்கோல் எவ்வகையில் உவமையாகிறது?
2. ஐந்து மைல் ஓட்டம் லிட்டியார்டின் வாழ்க்கையை மாற்றியது எங்ஙனம்?
3. லிட்டியார்டின் பயிற்சி முறையை வீடு கட்டுவதோடு ஒப்பிட்டு விளக்குக.
4. உரோம் நகர ஒலிம்பிக்கில் சினெல், ஆல்பர்கு ஆகியோர் பெற்ற வெற்றிகளை வருணிக்க.
5. பவர்மன் நியூசிலாந்தில் கற்ற பாடம் யாது? அதனை அவர் எவ்வாறு பயன்படுத்தினார்?
6. 'எண் பற்றுவது எளிது. காரணம் உணர்வது அரிது' என்னும் தொடரை நும் வாழ்க்கையினின்று ஓர் எடுத்துக்காட்டுத் தந்து விளக்குக.